இணையக் காணொளிகளுக்கு வசனவரி சேர்ப்பது: உழைப்புக்கு ஏற்ற பயன் உண்டா?

பாடக்காணொளியாளர் எழுதியது:

அறிவியல் பாடங்களை விளக்கும் காணொளிகளைத் தமிழில் தயாரித்து இணையத்தில் ஏற்றி வருகிறேன். ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும். இதுவரை எதற்கும் வசனவரி சேர்த்ததில்லை. இனிச் சேர்க்கலாமா என்று யோசித்தால், அதற்கு ஆகும் நேரம் மலைப்பைத் தருகிறது. பேசியதை எழுத்தாக்கி, ஒவ்வொரு வரிக்கும் நேரம் பொருத்தி, பிழை பார்த்து முடிப்பதற்குள் அடுத்த காணொளியின் பதிவையே முடித்துவிடலாம் போலிருக்கிறது. 'வசனவரி போட்டால் நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்குக் குறைவில்லை. யாருக்கு, எந்த வகையில், எந்த அளவுக்கு நல்லது என்பதை விவரம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னால் முடிவெடுக்க எளிதாக இருக்கும். மென்பொருள் தானாக உருவாக்கித் தரும் வரிகளை அப்படியே இணைத்துவிட்டால் போதுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒலியிலி எழுதியது:

வளர்ந்த பிறகு செவித்திறனை இழந்தவன் நான். அந்த நிலையிலிருந்தே பதில் சொல்கிறேன். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளலாமே என்று பலரும் எண்ணுகிறார்கள். பேசுபவரின் முகம் நேராகவும் நல்ல வெளிச்சத்திலும் இருந்தால்கூட உதட்டசைவு ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். 'படம்' என்று சொன்னாலும் 'மடம்' என்று சொன்னாலும் உதடுகள் ஒரே மாதிரியாகத்தான் மூடித் திறக்கின்றன. பாடக் காணொளிகளிலோ பெரும்பாலும் முகமே தெரிவதில்லை. அண்மையில் ஒரு வேதியியல் செய்முறையைப் பார்த்தேன். குடுவையில் இளஞ்சிவப்புக் கரைசல் இருக்கிறது. ஒரு கை அதில் சொட்டுச் சொட்டாக எதையோ விடுகிறது. நிறம் சட்டென்று மறைகிறது. விரல் ஒன்று குடுவையின் கழுத்தைச் சுட்டிக்காட்டி நிற்கிறது. எதைச் சொட்டினார்கள், நிறம் ஏன் மறைந்தது, விரல் எதைக் காட்டியது என்பவையெல்லாம் குரலில் இருந்திருக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு கையும் ஒரு குடுவையும்தான்.

எங்களைப் போன்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் அல்லர். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி, மறுவாழ்வுச் சேவை தேவைப்படும் அளவுக்குக் கேட்புத்திறன் குறைந்தவர்கள் உலகில் 43 கோடிப் பேர். 2050இல் இது 70 கோடியாகும் என்பது அதன் மதிப்பீடு. ஆகவே 'பார்வைகள் எத்தனை கூடும்' என்ற கணக்கை எங்களிடம் கேட்காதீர்கள். வரி இருந்தால் உங்கள் காணொளியைப் பார்ப்போம். இல்லையென்றால் பார்க்க வழியில்லை.

வேண்டுகோள் ஒன்றும் உண்டு. பேச்சை மட்டும் எழுதினால் போதாது. பொருளுக்குத் தேவையான ஒலிகளை [மணி ஒலிக்கிறது], [கண்ணாடி விரிசல் விடும் ஓசை] என்று அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். இருவர் மாறி மாறிப் பேசினால் யார் பேசுகிறார் என்பதையும் குறிப்பிட வேண்டும். பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சலசலப்பையும் எழுதத் தேவையில்லை; அது படிப்பவருக்குச் சுமை.

கற்றல்நோக்கர் எழுதியது:

ஒலியிலி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனால், காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் வசனவரி எப்போதும் நன்மையே செய்யும் என்று இங்கே யாராவது சொல்ல வருவதற்கு முன், மறுபக்கத்தையும் வைத்துவிடுகிறேன். ரிச்சர்ட் மேயரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் அசைபடத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். குரல் விளக்கத்தோடு மட்டும் பார்த்தவர்களைவிட, அதே விளக்கம் திரையில் எழுத்தாகவும் ஓடப் பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதிலும், கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பொருத்துவதிலும் பின்தங்கினார்கள். படத்தையும் எழுத்தையும் ஒரே கண்தான் பார்த்தாக வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

'வேண்டாதவர்கள் வரியைப் படிக்காமல் விட்டுவிடலாமே' என்பதும் அவ்வளவு எளிதன்று. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கெரி டைடெவால் குழுவினர் கண்ணசைவைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட முடிவின்படி, பேசப்படும் மொழி நன்றாகத் தெரிந்தவர்களின் கண்கூட வரி தோன்றியவுடன் தன்னிச்சையாக அதன்மேல் போய்விடுகிறது. திரையில் எழுத்து வந்துவிட்டால் படிக்காமல் இருப்பதுதான் கடினம். கதிர்ப்படமும் சமன்பாடும் நிறைந்த இயற்பியல் காணொளியில் இது சிறிய இழப்பு இல்லை.

மொழிமாணவி எழுதியது:

கற்றல்நோக்கர் காட்டிய மின்னல் ஆய்வு முக்கியமானது. ஆனால் அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் கலந்துகொண்டவர்கள் தாங்கள் நன்கு அறிந்த மொழியில், தெளிவாகப் பதிவான குரலை, இடைஞ்சல் இல்லாத சூழலில், சில நிமிடங்கள் மட்டும் கேட்டார்கள். இணையத்தில் காணொளி பார்ப்பவர்களுக்கு இந்த வசதிகள் எல்லாம் ஒருசேர வாய்ப்பது அரிது. பரந்த அளவில் பார்த்தால் முடிவு வேறாக இருக்கிறது: மார்ட்டன் ஆன் கெர்ன்ஸ்பாக்கர் 2015இல் எழுதிய தொகுப்புக் கட்டுரை, வசனவரி புரிதலையும் கவனத்தையும் நினைவையும் மேம்படுத்துவதைக் காட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் இருப்பதாகக் குறிப்பிடுகிறது. பிரிட்டனில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் தொலைக்காட்சியில் வசனவரியைப் பயன்படுத்திய 75 லட்சம் பேரில் 60 லட்சம் பேருக்குச் செவித்திறன் குறைபாடே இல்லை. தொல்லையாக இருந்திருந்தால் அத்தனை பேர் அதை வலிய ஏற்றிவைத்துக்கொண்டு பார்த்திருக்க மாட்டார்கள்.

மொழி கற்பவர்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பலர் தவறான வரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் ஆகியோர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டச்சு மொழி பேசுபவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய வட்டார உச்சரிப்புகளில் அமைந்த ஆங்கிலக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கில வரியோடு பார்த்தவர்கள், பிறகு அந்த உச்சரிப்பில் புதிதாகக் கேட்ட பேச்சையும் நன்றாக இனங்கண்டார்கள். டச்சு மொழிபெயர்ப்பு வரியோடு பார்த்தவர்களுக்கு, புதிதாகக் கேட்ட பேச்சை இனங்காண்பதில் அந்த வரி தடையாகவே இருந்தது. கதையைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு வரி உதவும். காதைப் பழக்க, பேசப்படும் அதே மொழியில் வரி வேண்டும். எனவே தமிழ்க் காணொளிக்குத் தமிழ் வரி எதற்கு என்று நினைக்க வேண்டாம். தமிழைப் புதிதாகக் கற்பவருக்கு வேகமான பேச்சில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடாது. வரி அதைப் பிரித்துக் காட்டிவிடும்.

தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் பயன் உண்டு. இயற்பியல் பாடத்தில் 'ஒளியின் வேகம்', 'ஒலியின் வேகம்' இரண்டையும் பலர் ஒரே மாதிரி உச்சரிக்கிறார்கள். அலைகளைப் பற்றிய பாடத்தில் இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள் மாறி மாறி வரும்போது, வரியில்லாமல் கேட்கும் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

வரிதிருத்துநர் எழுதியது:

வசனவரிகளைத் திருத்துவதே என் தொழில். இழையைத் தொடங்கிய நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: தானியங்கி வரிகளை அப்படியே இணைக்கலாமா? இணைக்கக்கூடாது என்பது என் கருத்து. அவற்றைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு திருத்துவதில் தவறில்லை, நேரமும் மிச்சமாகும்.

யூடியூப் 2009இல் ஆங்கிலத்துக்குத் தானியங்கி வரிகளை அறிமுகப்படுத்திய காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய மென்பொருள்கள் பல மடங்கு தேறிவிட்டன. ஆனால் அவற்றின் தரத்தைச் சொல்லும் அளவுகோலில் ஒரு குறை இருக்கிறது. மாறிப்போன சொல், விடுபட்ட சொல், இல்லாமல் நுழைந்த சொல் ஆகியவற்றைக் கூட்டி, பேசிய மொத்தச் சொற்களால் வகுத்துப் பிழைவிகிதம் கணிக்கிறார்கள். இதில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடைதான். 'அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது' என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல் 'கூடும்' என்று மாறினால் கணக்குப்படி நான்கில் ஒரு சொல்தான் பிழை; பின்பற்றும் மாணவரின் முகத்தில் அமிலம் தெறிக்கும். தமிழில் மறுப்பு பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பேசும்போது பலர் அந்த வாலைத்தான் விழுங்குகிறார்கள். எனவே நான் எந்தக் கோப்பை எடுத்தாலும் முதலில் பார்ப்பது எதிர்மறை வினைகள், எண்கள், பெயர்கள், அலகுகள் ஆகியவற்றைத்தான். எழுத்துப்பிழைகள் அதற்குப் பிறகு.

இன்னொரு வகைப் பிழை இதைவிட நயவஞ்சகமானது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளைப் பற்றி 2024இல் வந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ நூற்றில் ஓர் எழுத்தாக்கத்தில் யாருமே பேசாத முழுச் சொற்றொடர்கள் இடம்பெற்றிருந்ததைக் கண்டது. பேச்சில் நீண்ட இடைவெளி விடுபவர்களிடம் இது அதிகமாக நேர்ந்தது. கரும்பலகையில் படம் வரைவதற்காக ஆசிரியர் பேசாமல் இருக்கும் நேரம் இப்படிப்பட்ட இடைவெளிதான். அரைகுறைச் சொல்லாக இருந்தால் பார்ப்பவர் பிழை என்று உணர்ந்துகொள்வார். இலக்கண சுத்தமான கற்பனை வாக்கியத்தை எப்படி உணர்வார்? காது கேட்பவராவது குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒலியிலி அவர்களுக்கு அந்த வழியும் இல்லை. யாருக்கு வரி மிகவும் தேவையோ, அவர்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடியாதவர். திருத்தாமல் ஏற்றாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தும் தரம் மாறுகிறது. ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், வெள்ளையர்களின் பேச்சுக்குச் சராசரியாக 19 விழுக்காடாக இருந்த பிழை, கறுப்பினத்தவரின் பேச்சுக்கு 35 விழுக்காடாக இருந்தது. பயிற்சிக்குப் பயன்பட்ட பேச்சு எத்தகையதோ, அதிலிருந்து விலகியவர்களுக்கெல்லாம் இந்தக் கதிதான்.

படிக்கும் வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, அதிகபட்சம் ஏழு நொடி என்பது நெட்ஃபிளிக்ஸ் பின்பற்றும் அளவு. பிபிசி நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்று வைத்திருக்கிறது. சொற்கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. 'செய்துகொண்டிருந்தபோது' என்பது தமிழில் ஒரே சொல். எழுத்துக்கணக்கிலும் சிக்கல் உண்டு: 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் ஐந்து அலகுகள். சில மென்பொருள்கள் அலகுகளை எண்ணி, வரி நீண்டுவிட்டதாகத் தேவையில்லாமல் சிவப்பைக் காட்டும். எண்ணைப் பார்த்து வெட்டாமல், சத்தமில்லாமல் ஒருமுறை ஓடவிட்டு நீங்களே படித்துப் பாருங்கள். வரி மறைவதற்குள் படித்து முடித்துப் படத்தையும் ஒரு பார்வை பார்க்க முடிந்தால் போதும்.

வலைநிரலர் எழுதியது:

தொழில்நுட்பப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கற்றல்நோக்கரின் கவலைக்குத் தீர்வு, வரியைப் படத்தோடு பதித்துவிடாமல் தனிக் கோப்பாகத் தருவதே. அப்போது வேண்டியவர் ஏற்றிக்கொள்வார், வேண்டாதவர் அணைத்துவிடுவார். எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதியும் பார்ப்பவருக்குக் கிடைக்கும். கண்பார்வை மங்கியவர்களுக்கு இது மிகவும் தேவை.

தனிக் கோப்பில் உள்ள எழுத்தைத் தேட முடியும். நாற்பது நிமிடக் காணொளியில் 'ஒளிச்சேர்க்கை' எந்த இடத்தில் வருகிறது என்று எழுத்துப் பட்டியலில் தேடி அந்த நொடிக்கே தாவலாம். வேறு மொழிக்கு மாற்றுவதற்கும் அதுவே மூலம். திருத்திய தமிழ்வரி இருந்தால் மொழிபெயர்ப்பு ஓரளவு தேறும். பிழையான வரியிலிருந்து செய்த மொழிபெயர்ப்பில் பிழை இரட்டிப்பாகும்.

பதித்த வரிக்கும் ஓர் இடம் உண்டு. இணைய உலாவிகளான சஃபாரி 2017இலும் குரோம் 2018இலும், பயனர் தொடாமலே ஒலியோடு ஓடத் தொடங்கும் காணொளிகளைத் தடுக்கத் தொடங்கின. ஆகவே தானாக ஓடும் காணொளிகள் பெரும்பாலும் ஊமையாகவே தொடங்குகின்றன. சமூக ஊடகத்தில் போடும் ஒரு நிமிட முன்னோட்டத்துக்கு எழுத்தைப் பதித்தே தருவது நல்லது. முழுப் பாடத்துக்கு வேண்டாம்.

கற்றல்நோக்கர் எழுதியது:

அணைத்துக்கொள்ளும் வசதி இருக்கும்வரை என் மறுப்பின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது, ஏற்கிறேன். ஆனால் இதைக் கட்டாயமாக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இலவசக் காணொளிகள் பலவற்றுக்குச் சரியான வரி இல்லை என்று அமெரிக்க நீதித்துறை 2016இல் சுட்டிக்காட்டியது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? செலவைக் காரணம் காட்டி, 2017இல் 20,000க்கு மேற்பட்ட விரிவுரைகளைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. யாருக்காகப் புகார் எழுந்ததோ அவர்களுக்கும் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்கும் கிடைக்கவில்லை.

ஒலியிலி எழுதியது:

அந்தக் கதை அங்கே முடியவில்லை. 2022இல் அதே பல்கலைக்கழகம் தன் இணைய உள்ளடக்கத்தை அனைவரும் பயன்படுத்தும்படி மாற்ற நீதித்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின்மீதும் அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கம் 2015இல் தொடுத்த வழக்குகளும் 2019, 2020ஆம் ஆண்டுகளில் வரி சேர்க்கும் உடன்பாட்டோடுதான் முடிந்தன. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையில், பதிவுசெய்த காணொளிக்கு வரி வேண்டும் என்பது 2008 முதலே அடிப்படை நிலையில் இருக்கிறது. நேரலைக்கு அடுத்த நிலையில்தான் கேட்கிறார்கள். ஆக, எவரும் முடியாததைக் கேட்கவில்லை. பல ஆண்டுகள் வரியில்லாமல் சேர்த்துவைத்துவிட்டு மொத்தமாகச் செய்ய நேர்ந்தால் செலவு பெரிதாகத்தான் தெரியும். இந்த இழையைத் தொடங்கியவர் கேட்பதோ அடுத்த காணொளியிலிருந்து என்ன செய்வது என்றுதான்.

பாடக்காணொளியாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. நான் பேசுவது பேச்சுத்தமிழ். 'இத இப்பிடி வச்சுக்குவோம்' என்று சொல்வேன். வரியில் அதை அப்படியே எழுதுவதா, 'இதை இப்படி வைத்துக்கொள்வோம்' என்று எழுதுவதா? ஏற்கெனவே ஏற்றிய பழைய காணொளிகளில் எதிலிருந்து தொடங்குவது?

வரிதிருத்துநர் எழுதியது:

பாடக் காணொளிக்கு எழுத்துத் தமிழே பொருந்தும். கண்ணுக்குப் பழகிய வடிவம் என்பதால் வேகமாகப் படிக்க முடியும், தேடினாலும் கிடைக்கும். ஆனால் சொல்வரிசையையும் சொல்லையும் மாற்றாதீர்கள். 'வச்சுக்குவோம்' என்பதை 'வைத்துக்கொள்வோம்' ஆக்கலாம், 'கருதுவோமாக' ஆக்கக்கூடாது. காதில் ஒன்றும் கண்ணில் வேறொன்றும் வந்தால், பாதி கேட்டுப் பாதி படிப்பவர்கள் தடுமாறுவார்கள். நாடகம், நேர்காணல் போன்றவற்றில் பேச்சுவழக்கை அப்படியே வைப்பதுதான் சரி. அங்கே ஆளின் குணமே பேச்சில் இருக்கிறது. மொழிமாணவி இதில் மாறுபடக்கூடும்.

நேரத்தைக் குறைக்க, நீங்கள் பதிவுக்கு முன் எழுதிவைக்கும் பாடக்குறிப்பையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். பேசும்போது மாறிய இடங்களை மட்டும் திருத்தினால் போதும். வரியை உடைக்கும்போது பெயரடையையும் பெயரையும் பிரிக்காமல், வேற்றுமை உருபோடு ஒரு தொடர் முடியும் இடத்தில் உடையுங்கள்.

பழையவற்றில், அதிகம் பார்க்கப்பட்டவற்றைவிடச் செய்முறைக் காணொளிகளை முதலில் எடுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கைகள் குரலில் மட்டும் இருப்பவை அவைதான்.

வலைநிரலர் எழுதியது:

கோப்பைச் சேமிக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் தமிழெழுத்து முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். ஒருங்குறிக்கு முந்தைய தனி எழுத்துருக்களில் தட்டச்சிட்ட குறிப்புகளாக இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். வசனவரிக் கோப்புக்கு எஸ்ஆர்டி, வெப்விடிடி என்று இரண்டு வடிவங்கள் பரவலாக உண்டு. எஸ்ஆர்டி கோப்பில் நேரத்தை 00:01:12,400 என்று காற்புள்ளியோடு எழுத வேண்டும், வெப்விடிடி கோப்பில் அதே இடத்தில் முற்றுப்புள்ளி வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கையால் மாற்றும்போது பலருக்கு வரியே தோன்றாமல் போவதற்கு இந்தப் புள்ளிதான் காரணம்.